ஷிப்டு முடிந்து பறை: காதுக்கு எவ்வளவு தாங்கும்?

ஆடித் திருவிழாக்களுக்கான பறை, பேண்டு செட் பயிற்சி தொடங்கும் வேளையில், வாசகர் கடிதங்களில் அதிகம் தென்படும் குழப்பம் 55 டெசிபல் பற்றியது. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த பகல்நேர வரம்பு அது. அக்கம்பக்கத்தாருக்கானது, வாசிப்பவரின் காதுக்கானது அல்ல.

காதுக்கான வரம்பு தொழிற்சாலை விதிகளில்தான் இருக்கிறது: நாளுக்கு 8 மணி நேரம், 90 டெசிபல். இந்த 'அனுமதிக்கப்பட்ட' அளவு பாதுகாப்பான அளவு ஆகாது. அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் 1998-இல் செய்த மதிப்பீட்டின்படி, 40 ஆண்டுகள் இந்த அளவில் உழைப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கேட்கும் திறன் குறையும். நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85.

இதைவிடக் கவலை தருவது நேரக் கணக்கு. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அதனால் நியோஷ் கணக்கில் 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். இந்திய விதியோ 5 டெசிபலுக்கு ஒருமுறைதான் நேரத்தைப் பாதியாக்குகிறது. 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம் என்கிறது.

இரண்டு கணக்குகளுமே, மீதி 16 மணி நேரமும் காது அமைதியில் இருக்கும் என்று நம்பிப் போடப்பட்டவை. மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் ஆலைக்குப் போகும் ஒருவர் 85 டெசிபலில் ஷிப்டு முடித்தால், நியோஷ் கணக்கில் அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. மாலையில் 100 டெசிபலில் ஒரு மணி நேரம் பறை அடித்தால் மேலும் நான்கு நாள் பங்கு சேர்கிறது. ஆலையின் பதிவேட்டில் இந்த ஒரு மணி நேரம் இடம்பெறாது. சம்பளமின்றி வாசிப்பவரின் பயிற்சி நேரத்தை எந்தத் தொழிற்சட்டமும் அளப்பதில்லை.

காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
போதாது, ஃபோம் அடைப்பானோ, இசைக் கலைஞர்களுக்கான வடிகட்டி அடைப்பானோ தேவை.

காதிரைச்சல் மறுநாள் நின்றுவிட்டால்?
பாதிப்பு இல்லை என்று பொருளல்ல, அது எச்சரிக்கை.

பரிசோதனை எப்போது?
ஆடியோகிராம் எடுக்கும் முன் 14 மணி நேரமாவது இரைச்சலில்லாமல் இருக்க வேண்டும். பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே முதலில் தெரியும்.

பயிற்சி எந்த நாளில்?
வார விடுமுறையில், திறந்தவெளியில், இடைவெளி விட்டு.