உங்களுக்குத் தெரியுமா? ஜென்னேயின் மண் பள்ளிவாசல்
மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது ஜென்னே நகரம். அங்குள்ள பெரிய பள்ளிவாசல், உலகின் மிகப் பெரிய மண் கட்டடங்களில் ஒன்று. இதே இடத்தில் முதல் பள்ளிவாசலை 13ஆம் நூற்றாண்டில், இஸ்லாத்தைத் தழுவிய மன்னர் கோய் கொன்போரோ எழுப்பினார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியைப் பிடித்த செக்கு அமடு, அதைப் பகட்டானது என்று கருதிப் பராமரிக்காமல் கைவிட்டார். மண் சுவரை இடிக்க ஆள் தேவையில்லை, மழையே போதும். இன்று நிற்கும் கட்டடம் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது.

வெயிலில் உலர்த்திய பச்சைக் கற்களை மண் சாந்தால் இணைத்து, மேலே மண் பூசியிருக்கிறார்கள். வெள்ளம் எட்டாதபடி ஏறத்தாழ 3 மீட்டர் உயர மேடையில் கட்டடம் நிற்கிறது. முகப்பில் மூன்று கோபுரங்கள், அவற்றின் உச்சியில் தீக்கோழி முட்டைகள். சுவரெங்கும் துருத்திக்கொண்டிருக்கும் பனங்கழிகள் வெறும் அலங்காரமல்ல. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஊரே திரண்டு சுவருக்குப் புதிதாக மண் பூசும்போது, கொத்தனார்கள் கால்வைத்து ஏறும் சாரம் அவைதான். ஆற்று வண்டலுடன் உமி கலந்து, நாள்கணக்கில் புளிக்கவைத்த சேறு அது. இளைஞர்கள் கூடை கூடையாகச் சுமந்து ஓட, பெண்கள் தண்ணீர் கொண்டுவருவார்கள். வேலையும் திருவிழாவும் ஒன்றே.

1988இல் யுனெஸ்கோ ஜென்னே நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. பின்னர் அது மண்ணாலேயே மீண்டும் கட்டப்பட்டது.