எலெக்ட்ரிக் கார்: கிலோமீட்டருக்கு எவ்வளவு? நீங்களே கணக்கிடலாம்!

அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் நெல்லைக்குக் காரில் வேலைக்கு வரும் நண்பர் ஒருவர் எலெக்ட்ரிக் கார் வாங்க ஆசைப்பட்டார். "பேட்டரி 24 யூனிட். யூனிட் நாலரை ரூபாய். 108 ரூபாயில் ஃபுல் சார்ஜ்!" என்றார். டாடா டியாகோ இவி காரின் பெரிய பேட்டரி 24 யூனிட்தான். ஆனால் கணக்கு தப்பு. ஏன் என்று பார்க்கலாமா?

முதல் காரணம், சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. பேட்டரியில் ஏறுவதை விட மீட்டரில் அதிகமாக ஓடும். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக் கொள்வோம்.

இரண்டாவது காரணம், நம் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பர் விகிதப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101-200க்கு ரூ.2.25, 201-400க்கு ரூ.4.50, 401-500க்கு ரூ.6. மொத்தம் 500ஐத் தாண்டினால் ரூ.2.25 சலுகை போய்விடும், 101லிருந்தே ரூ.4.50. பிறகு 501-600க்கு ரூ.8, 601-800க்கு ரூ.9. காருக்கான யூனிட்கள் மேல் படிகளில்தான் போய்ச் சேரும்.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து, கீழே உள்ளபடி டைப் செய்யுங்கள். (பி என்பதை ஆங்கில எழுத்தாக அடிக்கவும்.)

பி1: இரண்டு மாத ஓட்டம், 3000 (போக வர 70 கி.மீ., சுமார் 43 நாள்)
பி2: யூனிட்டுக்கு கி.மீ., 6
பி3: =பி1/பி2 (விடை 500)
பி4: வீட்டில் இப்போது ஓடும் யூனிட், 300
பி5: =பி3+பி4 (விடை 800)
பி6: =300*4.5+100*6+100*8+200*9 (புது பில் ரூ.4550)
பி7: பழைய பில், 675
பி8: =(பி6-பி7)/பி1 (விடை 1.29)

பி5-ல் 800 வராவிட்டால், அதற்கேற்ப பி6-ல் படிகளை மாற்றிக் கொள்ளவும்.

நண்பர் நினைத்தது 500 யூனிட்டுக்கு ரூ.2250. உண்மையில் கூடுவது ரூ.3875. ஆனாலும் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், அதே தூரத்துக்கு ரூ.20,000 ஆகும். அவருக்கு லாபம்தான்.

எல்லோருக்கும் இதே கணக்கு வராது. இரண்டு மாதத்தில் 600 கி.மீ. மட்டும் ஓட்டினால் 100 யூனிட் போதும். வீட்டில் 300 யூனிட் ஓடினால் பில் ரூ.450 கூடும். பக்கத்து வீட்டில் 480 ஓடினால், அதே காருக்கு, அதே தூரத்துக்கு ரூ.985 கூடும்! ஏசி ஓடும் வீடுகள் கவனிக்கவும். பெட்ரோலில் மிச்சமாவதும் மூவாயிரம் ரூபாய் சொச்சம்தான். காரின் கூடுதல் விலையை அது எத்தனை வருடத்தில் ஈடுகட்டும் என்பதையும் வகுத்துப் பாருங்கள்.

வழியில் ஃபாஸ்ட் சார்ஜரை நம்பியிருந்தால் கணக்கே வேறு. அங்கே யூனிட் 20 ரூபாய் என்றால், 3000 கி.மீ.க்கு ரூ.10,000.

ஒரு விஷயம். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் உயர்த்தப்பட்டது. பைசாக் கணக்கு குழப்பக் கூடாது என்றுதான் இங்கே 2022 விகிதத்தை எடுத்துக் கொண்டேன். இன்றைய விகிதத்தை மின் வாரிய இணைய தளத்தில் பார்த்து மாற்றிக் கொள்ளுங்கள்.

ஷோரூமுக்குக் கிளம்பும் முன், மின் கட்டண அட்டையுடன் கம்ப்யூட்டர் முன் பத்து நிமிடம் உட்காருங்களேன்!