மவுஸ் பழுதா, பற்றரி முடிந்ததா?

கலேவெல நகரில், குருநாகல் – தம்புள்ள வீதியோரத்துக் கொமியூனிகேஷன் கடையொன்றில் போன கிழமை நின்றிருந்தேன். மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப ஒரு தாய் வந்திருந்தார். முக்கால்வாசி நிரப்பிய நேரத்தில் திரையில் அம்புக்குறி அப்படியே நின்றுவிட்டது. கடைத் தம்பி மவுஸை மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "நானா, மவுஸ் பழுது. புதுசு ஒன்டு வாங்கணும்" என்றார்.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். பற்றரியின் வாலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சுருள்கம்பியிலும் அது படிந்திருந்தது. பஞ்சில் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு புதுப் பற்றரி போட்டோம். அம்புக்குறி ஓடியது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகவிருந்த செலவு ஒரு பற்றரியோடு முடிந்தது.

வயர் இல்லாத மவுஸில் பற்றரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வழி உண்டு. அந்த வழி மவுஸுக்கு மவுஸ் வேறுபடும். புளூடூத் மவுஸ் என்றால், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் 'புளூடூத் அன்ட் டிவைசஸ்' பக்கத்தில் மவுஸின் பெயரோடு சதவீதமும் தெரியும். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் 'டிவைசஸ்'. மெக் கணினியில் புளூடூத் பட்டியலில் தெரியும். லினக்ஸில் பவர் பகுதியில் பார்க்கலாம். ஆனால் மவுஸ் அந்தத் தகவலை அனுப்பினால்தான் கணினி காட்டும்.

நம் கடைகளில் அதிகம் விற்பது யூ.எஸ்.பி. டொங்கிளோடு வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மவுஸ்கள். விண்டோஸ் பெரும்பாலும் இவற்றின் பற்றரி அளவைக் காட்டாது. லொஜிடெக் போன்ற நிறுவனங்கள் இதற்கென மென்பொருள் தருகின்றன. பெயர் தெரியாத மலிவு மவுஸ்களுக்கு அதுவும் கிடையாது. பற்றரி இறங்கும்போது மினுங்கும் சிறு விளக்கு ஒன்றுதான் அடையாளம், அதுவும் இருந்தால்.

அடியில் சிவப்பு வெளிச்சம் இல்லை என்பதற்காக மவுஸ் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் மவுஸ்களும் உண்டு. அம்புக்குறி தத்தித் தத்தி ஓடுவதும் எப்போதும் பற்றரியின் குற்றமல்ல. நீல நிற யூ.எஸ்.பி. 3 துவாரத்தில் வேறு கருவி ஓடும்போது எழும் இரைச்சல், பக்கத்தில் குத்தியிருக்கும் டொங்கிளைக் குழப்பும். டொங்கிளைத் தள்ளி வேறு துவாரத்தில் குத்திப் பாருங்கள்.

சதவீதத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது. பல மவுஸ்கள் வோல்ட் அளவை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகின்றன. சாதாரண அல்கலைன் பற்றரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். ஒரு வோல்ட் அளவில் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றரி 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சடாரென்று விழும். காலையில் பாதி இருப்பதாகக் காட்டியது மாலையில் நின்றுபோவது இதனால்தான்.

அல்கலைன் பற்றரியை மேசையில் போட்டு, துள்ளினால் முடிந்தது என்று சொல்லும் வழக்கமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே பற்றரி நன்றாகத் துள்ளத் தொடங்கிவிடும் என்று கண்டார்கள். துள்ளும் பற்றரி புதியதல்ல என்பது உறுதி. முடிந்துவிட்டது என்பது உறுதியல்ல. ரேடியோக் காலத்திலிருந்து நம் வீடுகளில் தொடரும் இன்னொரு பழக்கம், பற்றரியை வெயிலில் காயவைப்பதும் பல்லால் கடிப்பதும். இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சூட்டிலும் நசுங்கலிலும் பற்றரி கசியும். அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். தோலையும் கண்ணையும் அரிக்கும். அல்கலைன் பற்றரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடவும் கூடாது. நீண்ட நாள் பாவிக்காத மவுஸிலிருந்து பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

உள்ளேயே லித்தியம் பற்றரி கொண்ட சார்ஜ் மவுஸ் உப்பத் தொடங்கினால் அன்றே பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம். வீட்டுக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. பற்றரி அளவு தெரியவில்லை என்றதும் பிள்ளைகள் கூகுளில் தேடி, கிடைத்த 'பற்றரி செக்கர்', 'டிரைவர் அப்டேட்டர்' எதையாவது இறக்கிவிடுகிறார்கள். கொமியூனிகேஷன் கணினியில் ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கி விபரங்களும் ஓடுகின்றன. அங்கே கெட்ட மென்பொருள் ஏறினால் பாதிப்பு ஒருவரோடு நிற்காது. மவுஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதில் இன்னொரு பயனும் உண்டு. 2016இல் பஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், சில டொங்கிள்கள் வழியாக நூறு மீற்றர் தூரத்திலிருந்தே கணினிக்குள் கட்டளை தட்ட முடியும் என்று காட்டியது. அதற்கான திருத்தத்தை லொஜிடெக் தன் மென்பொருளோடு வெளியிட்டது. கெட்ட மென்பொருளை இறக்கி ஏமாந்துவிட்டால் இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவான சேர்ட்டை 101இல் அழைக்கலாம்.

வாங்கும்போதே கேளுங்கள்: பற்றரி அளவைக் காட்டுமா, எங்கே காட்டும், வொரண்டி எவ்வளவு காலம்? பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. அவர் செய்யும் தயவல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெட்டியில் சதவீதம் காட்டும் என்று போட்டிருந்து மவுஸ் காட்டாவிட்டால், முதலில் கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. கலேவெல மக்கள் மாத்தளையில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுக்கலாம்.

அந்தத் தாய் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் போனார். முதலாளியிடம் பழைய மவுஸின் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். உங்கள் வீட்டு மவுஸின் பற்றுச்சீட்டை இன்றே தேடி எடுத்து வையுங்கள். முறைப்பாடு செய்ய வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.