சிறுகுறிஞ்சான் சர்க்கரையைத் தடுக்குமா?

வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. உடனே யாராவது சிறுகுறிஞ்சான் இலையைச் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவும் மற்ற இடங்களில் கேப்ஸ்யூலாகவும் அது கிடைக்கிறது.

இந்த இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மண்ணைத் தின்பதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. இனிப்பின் மேல் ஆசை குறையலாம். ஆனால் விழுங்கிய சர்க்கரை ரத்தத்தில் சேரத்தான் செய்யும்.

ரத்தச் சர்க்கரையையே குறைக்குமா? சென்னை ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர் மாத்திரையோடு இந்த இலைச் சாற்றையும் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே விட்டார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 22 பேரை வைத்து ஊருக்கே மருந்து சொல்ல முடியாது. அவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்பதையும் மறக்கக் கூடாது.

முந்தைய நிலையில் உள்ளவர்களுக்கு இதைவிட வலுவான சான்று வேறு இருக்கிறது. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, நடைப்பயிற்சியும் செய்தவர்களில் அது 39 சதவீதம்தான்.

இலை என்பதால் தீங்கில்லை என்றும் எண்ண வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்ப்பதே நல்லது. நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள்.

எடுத்தே தீருவேன் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள். தினமும் அரை மணி நடையையும் தட்டில் சோற்றைக் குறைப்பதையும் மட்டும் எந்தக் கேப்ஸ்யூலுக்காகவும் விட்டுவிடாதீர்கள்.