உங்களுக்குத் தெரியுமா? ஸ்டார்ட் ஆகியும் நிற்காமல் ஓடாத மரம் அறுக்கும் மெஷின்

● கயிற்றை இழுத்ததும் உறுமுகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைந்துவிடுகிறதா? அப்படியென்றால் பிளக்கில் பொறி வருகிறது. பெட்ரோல் வரத்துதான் குறைவு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

● பெட்ரோல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று போக டேங்கில் சிறு துளை உண்டு. அது அடைத்தால் சில நிமிடம் ஓடிவிட்டு எஞ்சின் நிற்கும். அப்போது டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், மறுபடி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அந்தத் துளைதான்.

● டேங்குக்குள் ரப்பர் குழாயின் நுனியில் ஃபில்டர் இருக்கும். வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கருத்திருந்தால் மாற்றிவிடலாம்.

● பைக் கார்புரேட்டரில் மிதவை உண்டு. மரம் அறுக்கும் மெஷினில் அதற்குப் பதில் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு. மெஷினைச் சாய்த்துப் பிடித்தாலும் ஓடுவது அதனால்தான். பழைய பெட்ரோலில் ஊறி அது விறைத்தால் எரிபொருள் சீராக வராது.

● இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல்-ஆயில் கலவை வேண்டாம். கலவை விகிதம் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில்.

● சைலன்சர் வாயில் உள்ள சிறு வலையில் கரி அடைத்தாலும் எஞ்சின் திணறும். ஆறியபின் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்தால் போதும்.

● எதைக் கழற்றும் முன்பும் பிளக் வயரை உருவிவிடுங்கள்.