ஆறு மணி தள்ளிப்போகாது! திருவண்ணாமலையில் தீபத்துக்காகக் காத்திருக்கும் ஒரு நாள்

"ஏத்தியாச்சா?"

கார்த்திகை தீபத்தன்று மாலை 5 மணிக்கு மேல் திருவண்ணாமலையில் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். மாட வீதியில் நிற்பவர் மொட்டை மாடியில் நிற்பவரைக் கேட்பார். மாடியில் நிற்பவர், செல்போனில் நேரலை பார்த்துக்கொண்டிருக்கும் பையனைக் கேட்பார். ஊரிலிருந்து அக்கா போன் போட்டுக் கேட்பார். 6 மணிக்குத்தான் ஏற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார்கள்.

2,668 அடி உயர மலையின் உச்சியில் தீ பற்றும் அந்த நொடிக்காக லட்சக்கணக்கானவர்கள் ஒரு முழு நாளைச் செலவு செய்கிறார்கள். சிலர் முந்தின இரவே வந்து கோபுர வாசல் பக்கம் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். காத்திருக்கும் இந்தக் கூட்டத்தோடு ஒரு நாள் இருந்து பார்த்தால், 6 மணிக்கு முன்னால் நடப்பதும் ஒரு திருவிழாதான் என்பது புரியும்.

விடியும் முன்பே முதல் சுடர்

அன்றைய நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. அண்ணாமலையார் கருவறையில் பரணி தீபம் ஏற்றப்படும் நேரம் அது. முதலில் ஒரு சுடர், பிறகு அதிலிருந்து ஐந்து. ஒன்றாக இருப்பவன் பலவாக ஆகிறான் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். மாலையில் அந்தப் பல சுடரும் மலை உச்சியில் ஒரே ஜோதியாகிவிடும்.

பரணி தீபத்தைப் பார்க்க உள்ளே இடம் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 217 அடி உயர ராஜகோபுரத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு மணியோசையும் அரோகரா சத்தமும் மட்டும் கேட்கும். அவர்கள் அதற்கே கும்பிடு போட்டுவிட்டு, டீக்கடையைத் தேடிப் போகிறார்கள். கார்த்திகைப் பனியில் அந்த முதல் டீக்கு இருக்கும் ருசியைப் பற்றியே தனியாக எழுதலாம்.

அதற்குள் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். விழுப்புரம் - காட்பாடி பாதையில் வரும் ரயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை நடைதான். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில் என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், தலையைத் தூக்கி மலையைப் பார்ப்பது. மேகம் மூடியிருக்கிறதா, உச்சி தெரிகிறதா? அன்று முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே இருக்கும்.

14 கிலோமீட்டர் நீளக் காத்திருப்பறை

காத்திருப்பது என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது என்றுதானே நினைப்போம்? திருவண்ணாமலையில் காத்திருப்பு நடக்கும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று வந்து ஈசான்ய லிங்கத்தில் முடியும் எட்டு லிங்கங்கள்தான் மைல்கல். "எமலிங்கம் தாண்டிட்டோம்", "குபேர லிங்கத்துகிட்ட வந்துட்டோம்" என்றே செல்போனில் இருப்பிடம் சொல்கிறார்கள்.

செருப்பில்லாத கால்கள். தார்ச்சாலை பகலில் சுட்டால் ஓரத்து மண்ணில் இறங்கி நடக்கிறார்கள். மழை வந்தால் பாலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் நடக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானம். தொன்னையில் பொங்கல், சாம்பார் சாதம், மோர். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறார்கள். விரதம் இருப்பவர்கள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள். தீபத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

காவல்துறையினருக்கும் அன்று விடியலில் தொடங்கும் வேலைதான். வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், தெருப் பெயர் தெரியாமலேயே நாள் முழுக்க வழி சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் கை நழுவிய குழந்தைகளைப் பற்றிய அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள்.

ராக்கெட் ஒரு வாரம் காத்திருக்கும்

வானத்தைப் பார்த்தபடி கூட்டம் காத்திருக்கும் இன்னோர் இடமும் நமக்குத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புவதைப் பொதுமக்கள் நேரில் பார்க்க 2019-ல் அங்கே பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்து பிடித்து, குடையும் சாப்பாட்டு டப்பாவுமாகப் போய் உட்காரும் குடும்பங்கள் நிறைய.

அங்கேயும் கடைசிச் சில நொடிகளுக்காகத்தான் பல மணி நேரக் காத்திருப்பு. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. 2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குக் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக 56 நிமிடங்கள் மிச்சமிருக்கும்போது நிறுத்தப்பட்டது. தூங்காமல் காத்திருந்த கூட்டம் வெறுங்கையோடு வீடு திரும்பியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு அது பத்திரமாகக் கிளம்பியது. விஞ்ஞானத்தில் நிறுத்துவதும் ஒரு திறமைதான். அடுத்த பயணமான சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊரான விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல்.

தீபத்துக்கு அப்படி மாற்றுத் தேதி கிடையாது. கார்த்திகை மாதம், கார்த்திகை நட்சத்திரம், மாலை 6 மணி. மழையானாலும் புயலானாலும் அன்றே ஏற்றியாக வேண்டும். 2020-ல் கொரோனா காரணமாகக் கிரிவலத்துக்கே தடை விதிக்கப்பட்டு மாட வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த ஆண்டும் 6 மணிக்கு உச்சியில் தீ எரிந்தது. நேரத்தை மாற்ற முடியாது என்றால், மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதை இந்த ஊர் மிகவும் வலியோடு கற்றுக்கொண்ட ஆண்டு 2024.

மலை இறங்கிவந்த அந்த நாள்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். இடைவிடாமல் கொட்டிய மழையில் மலையின் மண் இளகியது. அடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து சிறுவர் சிறுமியர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, ஊரே மலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றது. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட மலையைப் பயத்தோடு பார்க்க வேண்டியிருந்த நாள் அது.

தீபத் திருவிழாவின் கொடியேற்றம் டிசம்பர் 4. மகா தீபம் டிசம்பர் 13. இடையில் இருந்தது சில நாட்கள்தான்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில், தீபத்தன்று 2,500 பேருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து மலையேற விடுவது வழக்கம். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று நெய் ஊற்றி, தீபத்தைக் கண்ணெதிரே பார்ப்பது பலருக்கு வாழ்நாள் ஆசை. ஆண்டுதோறும் ஏறியவர்களும் உண்டு. அந்த முறை புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைக் கொண்டுபோகிறவர்களும், தீபம் ஏற்றும் பணியில் இருப்பவர்களும் மட்டுமே மேலே போனார்கள்.

ஏமாற்றம் இல்லாமல் இல்லை. வேண்டுதல் இருந்தவர்களுக்கு மனது கேட்குமா? ஆனாலும் ஏழு உயிர் போன சரிவைப் பார்த்த பிறகு, கீழே நின்று கும்பிடுவதே சரி என்று கூட்டம் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 13 மாலை தீபம் எப்போதும் போலவே எரிந்தது.

ஊர்க்காரர்கள் வேறொன்றும் சொல்வார்கள். இங்கே மலைதான் சிவன். அப்படியிருக்க, அதன் மேல் கால் வைக்காமல் சுற்றி வந்து கும்பிடுவதுதானே கிரிவலம்? கீழே நிற்பவர்களுக்குத் தரிசனம் ஒன்றும் குறைந்துவிடாது என்பது அவர்கள் கணக்கு.

மேலே ஏறுகிறவர்கள் யார்?

கீழே லட்சம் பேர் காத்திருக்க, மேலே ஒரு சிறு கூட்டம் அவர்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜ குலத்தினருடையது. மீனவ வம்சாவளியைச் சேர்ந்தவர்கள். ஆள் உயரச் செப்புக் கொப்பரையை முதல் நாளே அவர்கள் தோளில் சுமந்து மேலே ஏற்றிவிடுகிறார்கள். சமதளத்தில் நான்கு பேர் தூக்கும் எடையைப் பாறையும் வழுக்கலுமான பாதையில் உச்சி வரை கொண்டுபோக வேண்டும்.

கொப்பரைக்கு 3,500 கிலோவுக்குக் குறையாமல் நெய் வேண்டும். திரிக்குக் காடாத் துணி மட்டும் 1,000 மீட்டர். கூடவே கற்பூரம். இவை அத்தனையும் மனிதத் தோளில்தான் மேலே போகின்றன. கருவறையில் காலையில் ஏற்றிய பரணி தீபத்தின் சுடரும் அன்றே மலையேறிவிடும். காற்றில் அணையாமல் அதை உச்சி வரை காப்பாற்றுவது இன்னொரு பெரிய பொறுப்பு.

கடைசி இரண்டு நிமிடம்

மாலை 5 மணி. கிழக்கே தேரடி வீதியில் ஆரம்பித்து செங்கம் சாலை வரை, மலை தெரியும் ஒவ்வொரு மொட்டை மாடியிலும் தலைகள். அறிமுகமே இல்லாதவர்களைக் கூட, "மேல வாங்கம்மா, இங்க நல்லாத் தெரியும்" என்று வீட்டுக்காரர்கள் அழைத்துப் போவார்கள். நாற்காலி பாட்டிக்கு. கைப்பிடிச் சுவர் பிள்ளைகளுக்கு. அப்பாவின் தோள் சின்னதுக்கு.

கோயிலுக்குள் பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளிவிட்டார்கள். 6 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்னால் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருகிறார். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் கிடைக்கும் தரிசனம் அது. கொடிமரத்துக்கு முன்னால் அகண்ட தீபம் ஏற்றப்படும் அதே நேரம் மலை உச்சியிலும் தீ வைக்கிறார்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது ஒரு சிறு புள்ளி. "அதோ... அதோ!" என்று யாரோ கத்துகிறார்கள். புள்ளி அசைகிறது, வளர்கிறது, திகுதிகுவென்று எழுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் ஒரு தெருவில் கிளம்பி அடுத்த தெருவுக்குத் தாவி ஊரையே சுற்றி வருகிறது. லட்சம் செல்போன்கள் ஒரே நேரத்தில் மேலே எழுகின்றன. படம் அனுப்பப் பார்த்தால் நெட்வொர்க் படுத்துக்கிடக்கிறது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கைகூப்புகிறவர்கள்தான் அந்த நொடியை முழுதாகப் பார்க்கிறார்கள்.

கண்ணீரைத் துடைத்துக்கொள்கிற பாட்டியிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாரத்தோடுதான் வந்திருப்பார்கள்.

ஏற்றிய பிறகு...

உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீடுகளில் அகல் விளக்கு ஏற்றுகிறார்கள். வாசல்படி, திண்ணை, மதில், கிணற்று மேடை என்று வரிசை நீள்கிறது. விரதம் முடிகிறது. பொரி உருண்டையும் அப்பமும் தட்டில் வருகின்றன. பக்கத்துக் கிராமங்களில், பனம்பூக் கரியில் செய்த மாவலியைப் பிள்ளைகள் சுற்ற, தீப்பொறி வட்டம் வட்டமாகப் பறக்கிறது.

தீபம் 11 நாட்கள் எரியும். அன்று வர முடியாதவர்கள் அந்த நாட்களில் வந்து பார்க்கலாம். கூட்டமும் குறைவாக இருக்கும். கொப்பரையில் சேரும் தீப மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்கு வழங்கப்படும்.

முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு மூன்று யோசனைகள். குடும்பமாகப் போனால், பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 6 மணி வாக்கில் போன் கிடைக்காது. மலை தெரியும் இடத்தை 4 மணிக்குள் பிடித்துவிடுங்கள். தடை இருக்கும்போது குறுக்குப் பாதையில் மலையேற முயலாதீர்கள். உங்களைத் தேடி மீட்க இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க நேரிடும்.

இரவு 8 மணிக்கு மேல் பேருந்து நிலையங்களை நோக்கிக் கூட்டம் திரும்ப நடக்கிறது. தூங்கிப்போன குழந்தை அப்பாவின் தோளில். கால் வலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேருந்து கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். இருட்டில் மலை தெரியவில்லை. தீபம் மட்டும் தெரிகிறது.