வாடகை வீடு வாங்குமுன் கிராண்டைப் பாருங்கள்

மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்டது அது. பிறகு மாநிலம் முழுக்கத் தோட்டங்கள் வந்தன. அவற்றில் பால் வெட்டிய நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பத்து பெரண்டாமிலும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

விடலாம். ஆனால் குடியிருக்க ஒரு வீடு இன்னும் சொந்தப் பெயரில் இல்லையென்றால், முதலில் அதை முடியுங்கள். 5 லட்சம் வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு 2021 முதல் முத்திரை வரி விலக்கு இருக்கிறது. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணமும் கைகொடுக்கும். முதல் வீட்டுக்கு இபிஎஃப் எடுத்தவர் அந்த வீட்டை விற்காமல் இரண்டாவதற்கு எடுக்க முடியாது. ஆகவே வாடகை வீட்டுக்கான பணம் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும்.

மற்ற மாநிலங்களில் இல்லாத ஒரு சிக்கல் மலாக்காவில் உண்டு. இங்கே பல நிலங்களின் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், ‘மலாக்கா வழக்காற்று நிலம்’ என்ற குறிப்பு இருக்கும். தரகர்கள் சுருக்கமாக ‘எம்சிஎல்’ என்பார்கள். 1963-ஆம் ஆண்டின் பினாங்கு, மலாக்கா நில உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் இந்த நிலத்தைப் பொதுவாக மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடுகளுக்கும் குத்தகைக் கால நிலங்களுக்கும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மலிவு விலை வீடுகளில் விற்கவும் வாடகைக்கு விடவும் தடை இருக்கலாம். பக்கத்து வீட்டைவிட விலை கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் கிராண்டில் எழுதியிருக்கும். முன்பணம் கொடுக்குமுன் மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என்று நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ எனும் அதிகாரபூர்வ நிலப் பதிவு விவரத்தை எடுங்கள். செலவு சொற்பம். தரகரின் வாக்குறுதி அதற்கு ஈடாகாது.

அடுத்தது கணக்கு. வாங்குவது 3 லட்சம் வெள்ளி வீடு என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் 30,000. பெயர் மாற்ற முத்திரை வரி 5,000. கடன் பத்திரத்துக்கு 1,350. விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் வழக்கறிஞர் கட்டணம் 7,000 சொச்சம். சாவி கைக்கு வருமுன்பே 43,000 வெள்ளி கரைந்துவிடும். சாயமும் குழாய்ப் பழுதும் தனி. மீதி 2 லட்சத்து 70 ஆயிரத்தை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,195 வெள்ளி. வாடகை 1,100 கிடைத்தாலும் மாதம் 95 வெள்ளி கையிலிருந்து போகும். ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் இன்னொரு 1,100 போகும். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் காலி மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு மாதத் தவணை தனியாகக் கையில் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குடியிருக்கப் போவது யார் என்பதையும் வாங்குமுன்பே முடிவு செய்ய வேண்டும். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் வரவு கூடும். ஆனால் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது மாணவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்யும் குடும்பங்கள் நிதானமான வாடகையாளர்கள். அதே வீட்டைத் தொழிலாளர் தங்குமிடமாக ஒரு நிறுவனத்துக்கு விடுவதானால், தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், குடிவருபவர் உறவினராக இருந்தாலும். இரண்டு மாத வைப்புத்தொகையும் ஒரு மாத முன்வாடகையும் வழக்கம். 1,100 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் முத்திரை வரி 53 வெள்ளிதான். முத்திரையில்லாத தாள் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் இன்னும் வரவில்லை. வாடகை நின்றுவிட்டது என்று பூட்டை மாற்றி ஆளை வெளியே தள்ள முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். வாடகையாளரை விசாரித்து, வேலை செய்யும் இடம் கேட்டு, சம்பளச் சீட்டைப் பார்த்து வீட்டைக் கொடுப்பதே பாதுகாப்பு.

வாடகை வருமானத்தை வரிப் படிவத்தில் காட்டியே ஆகவேண்டும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு இவற்றைக் கழித்துக்கொள்ளலாம். தவணையில் அடையும் அசலைக் கழிக்க முடியாது. விற்பதானால், முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு வரி இல்லை. எனவே ஐந்து ஆண்டுகளுக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாடகைக்கு வீடு தேடும்போது “இந்தியர்களுக்கு இல்லை” என்ற பதிலை இந்த நாட்டில் நம் பிள்ளைகள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். நீங்கள் வீட்டுக்காரர் ஆகும்போது வருகிறவரின் சம்பளச் சீட்டைக் கேளுங்கள், முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள், இனத்தைக் கேட்காதீர்கள்.